கப்பலில் வந்த சரக்கு யாருடையது?

(படிப்பகம் ஒன்றில் தோழர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வெளியுலகத் தொடர்பு இல்லாமல் காட்டிலும் மலையிலும் தீவிலும் வாழ்ந்த பழங்குடி மக்கள், முதன்முதலாக ஆகாய விமானத்தையும் துப்பாக்கியையும் இரும்புக் கோடரியையும் பார்த்தபோது என்ன நினைத்தார்கள்? பத்திரிகைகளில் இதைப் பற்றி வருவதெல்லாம் பெரும்பாலும் சிரிப்புத் துணுக்குகள்தான். விமானத்தைப் பெரிய பறவை என்று கும்பிட்டார்களாம். பாட்டுப் பெட்டிக்குள் பேய் இருக்கிறதென்று ஓடினார்களாம். படிக்கிறவர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். நாம் அறிவாளிகள், அவர்கள் மூடர்கள் என்று ஒரு திருப்தி அவருக்கு.

நாம் அந்த வழியில் போகப் போவதில்லை. எந்த இடத்தில், எந்த வருஷத்தில், எதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்ன செய்தார்கள் என்று விவரம் கேட்போம். விவரம் கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

நியூகினி மலைகளில்

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே நியூகினி என்ற பெரிய தீவு இருக்கிறது. அதன் கிழக்குப் பாதி இன்று பப்புவா நியூகினி என்ற நாடு. 1975-ல் சுதந்திரம் பெற்றது. அதற்கு முன் ஆஸ்திரேலிய சர்க்காரின் பிடியில் இருந்தது. கடற்கரையோரம் வெள்ளையரின் தென்னந்தோட்டங்கள். உள்ளே இருப்பது ஆளில்லாத மலை என்று 1930 வரை அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் மைக்கேல் லீஹி, மைக்கேல் டுவயர் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் தங்கம் தேடி உள்ளே நடந்தார்கள். மலைக்கு அப்பால் அகன்ற பள்ளத்தாக்குகள். வடிகால் வெட்டிப் பயிர்செய்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தோட்டங்கள். பன்றி மேய்ந்த கிராமங்கள். அந்த மலைநாட்டில் சுமார் 10 லட்சம் ஜனங்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 10 லட்சம் பேர் இருக்கும் இடத்தை ஆளில்லாத இடம் என்று நம்பியவர்களை இன்றுவரை யாரும் மூடர் என்று சொன்னதில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1933-ல் லீஹி சகோதரர்களும் ஜேம்ஸ் டெய்லர் என்ற அதிகாரியும், முதலில் விமானத்தில் பறந்து பார்த்துவிட்டு, வாகி பள்ளத்தாக்குக்குள் கால்நடையாகப் போனார்கள். மூட்டை சுமக்கக் கடற்கரைப் பக்கத்து ஆட்களைக் கூட்டிச் சென்றார்கள். இந்தச் சம்பவத்தைப் பற்றி பாப் கானலி, ராபின் ஆண்டர்சன் என்ற இருவர் 1983-ல் ஒரு செய்திப்படம் எடுத்தார்கள். அன்று சிறுவர்களாகவும் வாலிபர்களாகவும் இருந்த மலைவாசிகள், கிழவர்களும் கிழவிகளுமாக அந்தப் படத்தில் தாங்களே பேசுகிறார்கள். இது அருமையான சாட்சியம். ஏனென்றால் இம்மாதிரி விஷயங்களில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் துரைமாரின் நாட்குறிப்புகள்தான். பார்க்கப்பட்டவர்களின் வாய்மொழி கிடைப்பது அபூர்வம்.

அவர்கள் என்ன நினைத்தார்கள்? செத்துப்போன முன்னோர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். இதில் அதிசயம் என்ன? மலைக்கு அப்பால் மனிதர்கள் வாழும் பெரிய உலகம் ஒன்று உண்டென்று அவர்களுக்குச் சொல்ல யாருமில்லை. மலைக்கு அப்பால் போனவர்கள் அவர்களுக்குத் தெரிந்தவரையில் செத்தவர்கள் மட்டுமே. அங்கிருந்து ஒருவன் வந்தால் அவன் யாராக இருக்க முடியும்? கூட வந்த சுமைகூலிகளின் முகத்தில் தங்கள் இறந்த சொந்தக்காரர்களின் சாயலைக் கண்டு கட்டிப்பிடித்து அழுதவர்கள் உண்டு. தெரிந்ததை வைத்துத் தெரியாததை விளங்கிக்கொள்ளப் பார்ப்பது மனிதனின் சுபாவம். விஞ்ஞானி செய்வதும் இதைத்தான்.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் சிரிப்புத் துணுக்கு எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த மக்கள் தங்கள் அபிப்பிராயத்தைப் பரீட்சை செய்து பார்த்தார்கள்! வெள்ளையர் மலஜலம் கழிக்கப் போகும் இடத்தை ஒருவன் ஒளிந்திருந்து பார்த்தான். அவர்கள் போனபின் அங்கே போய்ப் பார்த்து, நாற்றம் நம்முடையதைப் போலத்தான் இருக்கிறதென்று ஊருக்குச் சொன்னான். அவர்களோடு பழக நேர்ந்த பெண்களும், இவர்கள் ஆவிகள் அல்ல, ஆண்பிள்ளைகள்தான் என்று சொன்னார்கள். முன்னோர் என்ற எண்ணம் இப்படித்தான் ஆட்டம் கண்டது. சாட்சியம் கிடைத்ததும் கருத்தை மாற்றிக்கொள்ளும் இந்த நேர்மை, நமக்குத் தெரிந்த பெரிய பட்டதாரிகளிடம் கூடச் சில சமயம் இருப்பதில்லை.

துப்பாக்கியை விளங்கிக்கொள்ள நெடுநாள் ஆகவில்லை. முதலில் ஒரு பன்றியைக் கட்டிவைத்துச் சுட்டுக் காட்டுவது வெள்ளையரின் வழக்கம். பிறகு தகராறு வந்தபோது மனிதர்களைச் சுட்டார்கள். லீஹியின் கூட்டத்தார் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். லீஹி அதைத் தம் குறிப்புகளில் மறைக்கவும் இல்லை. நவீன யந்திரத்தைப் பற்றி அந்த மக்கள் கற்ற முதல் பாடங்களில் இது ஒன்று.

விமானம் இறங்க இடம் வேண்டும் அல்லவா? ரோலர் கிடையாது. நூற்றுக்கணக்கான மலைவாசிகள் கைகோத்துக்கொண்டு, பாடிக்கொண்டே குதித்துக் குதித்து மண்ணைக் கெட்டித்துத் தளம் ஆக்கினார்கள். கூலி என்ன? சிப்பி. கினா என்று சொல்லப்படும் முத்துச்சிப்பி ஓடு. கடற்கரையில் மலிவாகக் கிடைப்பது, கைமாறிக் கைமாறி மலைக்கு வந்து சேரும்போது பெரும் செல்வமாகிவிடும். பெண் கொடுக்கவும் எடுக்கவும், பகை தீர்க்கவும் அது வேண்டும். வெள்ளையர் அதை விமானத்தில் மூட்டை மூட்டையாக ஏற்றி வந்து இறக்கினார்கள்; கிழங்கும் பன்றியும் உழைப்பும் வாங்கினார்கள். நாளாக ஆகச் சிப்பியின் மதிப்பு சரிந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த பெரியவரின் செல்வம் அவர் கண்முன்னே கரைந்தது. பணவீக்கம் என்று நம் பொருளாதாரப் புத்தகங்களில் படிக்கிறோமே, அதை மலைவாசிகள் விமானத்தின் வழியாகத் தெரிந்துகொண்டார்கள். (அந்நாட்டின் நாணயத்துக்கு இன்று கினா என்றுதான் பெயர்.)

கோடரி செய்த மாற்றம்

விமானமும் கிராமபோனும் கண்ணைக் கவரும். ஆனால் பழங்குடி மக்களின் வாழ்வைப் புரட்டிப்போட்ட யந்திரம் எது என்று கேட்டால், சாதாரண இரும்புக் கோடரி என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே சற்று நிதானித்துப் பார்ப்போம்.

அதே நியூகினி மலையில் சியானே என்ற மக்களிடையே ரிச்சர்ட் சாலிஸ்பரி என்ற ஆராய்ச்சியாளர் தங்கியிருந்து, 1962-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கல்கோடரி போய் இரும்புக் கோடரி வந்தபின், காடு வெட்டவும் வேலி போடவும் ஆண்களுக்குப் பிடித்த நேரம் வெகுவாகக் குறைந்தது என்று அவர் கணக்கிட்டார். மிச்சமான நேரத்தில் என்ன செய்தார்கள்? விருந்து, சடங்கு, சண்டை, ஊர் விவகாரம் ஆகியவை பெருகின. சரி, பெண்களுக்கு என்ன மிச்சமானது? நடுவது, களை பறிப்பது, கிழங்கு தோண்டுவது, பன்றி வளர்ப்பது எல்லாம் பெண்களின் வேலை. கோடரி அதைத் தொடவில்லை. பெண்களின் உழைப்பு குறையவில்லை. கருவி வந்தால் உழைப்பு குறையும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். யாருடைய உழைப்பு என்று கேட்பதில்லை.

இன்னொரு உதாரணம் ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கேப் யார்க் தீபகற்பத்தில் வாழ்ந்த யிர் யோரோண்ட் மக்கள். லாரிஸ்டன் ஷார்ப் என்ற அமெரிக்கர் 1933 முதல் 1935 வரை அவர்களிடையே இருந்தார், 1952-ல் எழுதினார். அந்தக் கடலோரத்தில் கோடரிக்கு ஏற்ற கல் கிடையாது. சுமார் 400 மைல் தெற்கே உள்ள பாறைகளிலிருந்து, ஊர் ஊராகக் கைமாறி வர வேண்டும். இங்கிருந்து திருக்கை மீனின் முள் பொருத்திய ஈட்டி அங்கே போகும். கொடுக்கல் வாங்கல் செய்யும் கூட்டாளிகள் வருஷாவருஷம் பெரிய சடங்குகளில் சந்திப்பார்கள். கோடரி வயதுவந்த ஆணின் சொத்து. மனைவியோ தம்பியோ விறகு வெட்ட வேண்டுமானால் அவனிடம் கேட்டு வாங்க வேண்டும். திருப்பித் தர வேண்டும். யார் பெரியவர், யார் சின்னவர் என்பது அந்தக் கேட்பிலும் கொடுப்பிலும்தான் நிலைத்திருந்தது.

கிறிஸ்தவ மிஷன் வந்தது. வேலை செய்தவர்களுக்கும் நல்ல பிள்ளைகளாக நடந்தவர்களுக்கும் இரும்புக் கோடரி கொடுத்தது. பெண்களுக்கும் பையன்களுக்கும் கூடக் கிடைத்தது. மிஷனை நம்பாமல் ஒதுங்கி நின்ற பெரியவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெரியவர் போய்ச் சின்னப் பையனிடம் கோடரி இரவல் கேட்கும் நிலை வந்தது! 400 மைல் கொடுக்கல் வாங்கலுக்கு அவசியமில்லாமல் போயிற்று. சடங்குகளில் சுவை போயிற்று. பெண்கள் கையில் கோடரி வந்ததற்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. அது நல்லதுதான். ஆனால் அந்தக் கோடரியை அவர்கள் தங்கள் போராட்டத்தால் பெறவில்லை. தாங்களே செய்யவும் முடியாது. பழைய எஜமானிடம் கேட்டு வாங்கிய இடத்தில் புதிய எஜமானிடம் கேட்டு வாங்கினார்கள். மரம் வெட்டுவதற்கு எளிதானது வாழ்க்கையை எளிதாக்கவில்லை என்பதை ஷார்ப் எழுதியதிலிருந்து நாம் தெரிந்துகொள்கிறோம்.

சரக்கு

இப்போது மறுபடியும் நியூகினிக் கடற்கரைக்கு வருவோம். அங்கே பேசப்படும் கலப்பு மொழியில் 'காகோ' என்று ஒரு சொல் உண்டு. கப்பலில் வரும் சரக்கு என்று அர்த்தம்: அரிசி, டப்பா மீன், துணி, கத்தி, விளக்கு. அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு நூற்றாண்டாகப் பல இயக்கங்கள் எழுந்தன. 1919-ல் பப்புவா வளைகுடாப் பகுதியில் ஒன்று கிளம்பிற்று. முன்னோர்கள் ஒரு நீராவிக் கப்பலில் சரக்கு ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்ற செய்தி பரவியது. ஜனங்கள் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். சர்க்கார் தரப்பு இதற்கு வைத்த பெயர் 'வைலாலா பைத்தியம்'.

பைத்தியமா? அந்த மக்களின் இடத்தில் நின்று பார்ப்போம். கப்பல் வருகிறது. உள்ளே விதவிதமான சரக்கு. அவற்றை யார் செய்தார்கள்? துரை செய்யவில்லை; அவர் எந்த வேலையும் செய்து இவர்கள் பார்த்ததில்லை. கிழிந்த சட்டையை அவர் தைப்பதில்லை, உடைந்த விளக்கை அவர் செப்பனிடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தில் ஏதோ எழுதுகிறார். காகிதம் கப்பலில் போகிறது. சில மாதம் கழித்துச் சரக்கு வருகிறது! அப்படியானால் ரகசியம் காகிதத்தில் இருக்கிறதா? கொடிக்கம்பத்தில் இருக்கிறதா? மேஜையில் பூ வைத்துச் சாப்பிடுவதில் இருக்கிறதா? பாதிரியாரைக் கேட்டால் எல்லாம் கடவுள் கொடுத்தது என்கிறார். கடவுள் எல்லோருக்கும் பொது என்று அவரே சொல்கிறார். அப்படியானால் நம் பங்கு எங்கே? வழியில் எடுத்துக்கொண்டார்கள்!

இந்த வாதத்தில் எந்தப் படி தப்பு, சொல்லுங்கள். ஒரே ஒரு விஷயம்தான் அவர்கள் கண்ணில் படவில்லை. கடலுக்கு அப்பால் தொழிற்சாலையில் நின்று அந்த விளக்கையும் துணியையும் செய்த தொழிலாளி கண்ணில் படவில்லை. அவனை அவர்களிடமிருந்து மறைத்தது கடல் மட்டுமல்ல. தாங்கள் மாதத்துக்குச் சில ஷில்லிங் கூலிக்கு உடைத்துக் காயவைத்த கொப்பரை அதே கப்பலில் திரும்பிப் போவதைப் பார்த்தார்கள். அது அங்கே சோப்பாகி, பணமாகி, சரக்காக வருவதை யாரும் சொல்லவில்லை. 'வழியில் எடுத்துக்கொண்டார்கள்' என்று அவர்கள் சொன்னது மந்திரக் கணக்கில் தப்பு. கூலிக் கணக்கில் சரி.

நம்மைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோமா? இந்த அறையில் எல்லோருடைய சட்டைப் பையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. அதன் மின்கலத்தில் இருக்கும் கோபால்ட் பெரும்பகுதி காங்கோ நாட்டில் தோண்டப்படுகிறது. குழந்தைகளும் அந்தக் குழிகளில் வேலை செய்திருக்கிறார்கள். நமக்கு அது கடையில் 'வந்தது'. விரலால் தேய்த்தால் வேலை செய்கிறது. இதற்கு மேல் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யாலி என்ற மனிதரின் கதையைப் பீட்டர் லாரன்ஸ் 1964-ல் வந்த தம் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். நியூகினியின் மாடங் பகுதியைச் சேர்ந்த யாலி, இரண்டாவது உலக யுத்தத்தில் ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்தார். ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சர்க்கரை ஆலையைப் பார்த்தார். மது வடிக்கும் ஆலையைப் பார்த்தார். பெரிய கட்டிடங்களையும் சீரான தெருக்களையும் பார்த்தார். யுத்தத்தில் உதவினால் உங்களுக்கும் நல்ல வாழ்வு வரும் என்று அதிகாரிகள் வாக்குக் கொடுத்தார்கள். யாலி அதை எழுத்துக்கு எழுத்து நம்பினார். ஊருக்குத் திரும்பி, துப்புரவாக இருங்கள், ஒழுங்காக வீடு கட்டுங்கள் என்று பிரசாரம் செய்தார். 1947-ல் போர்ட் மோர்ஸ்பிக்குப் போனபோதுதான், வாக்குக்கு அர்த்தம் தாம் நினைத்தது அல்ல என்று தெரிந்துகொண்டார். மனம் கசந்து பழைய தெய்வங்களின் பக்கம் திரும்பினார். 1950-ல் சிறையில் போட்டார்கள். ஆலையைக் கண்ணால் பார்த்த மனிதரே இப்படிப் போனதேன்? ஆலையைப் பார்வையிட அழைத்துப் போனார்களே தவிர, ஆலைக்குள் வேலை கற்றுக்கொடுக்க யாரும் அழைத்துப் போகவில்லை.

இந்த இயக்கங்களில் அடிமைப்பட்ட மக்களின் எதிர்ப்பைக் கண்டவர் பீட்டர் வொர்ஸ்லி. 1957-ல் அவர் புத்தகம் வந்தது. அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் ஒவ்வொரு இயக்கத்தையும் விடுதலைப் போராட்டத்தின் முதல் படி என்று கொண்டாடிவிடவும் கூடாது. பன்றிகளை வெட்டித் தீர்த்துவிட்டு, தோட்டத்தைப் பாழாக விட்டுவிட்டுப் பட்டினி கிடந்த ஊர்கள் உண்டு.

அதே மண்ணில் வேறொன்றும் நடந்தது. 1929 ஜனவரி மாதம் ரபாவுல் நகரத்தில், சுமார் 3,000 சுதேசித் தொழிலாளர்களும் போலீஸ்காரர்களும் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறினார்கள். காலையில் எழுந்த துரைமாருக்கு ஆகாரம் எடுத்துவர ஆளில்லை. மாதம் 12 பவுன் சம்பளம் என்பது கோரிக்கை. முன்னின்றவர்களில் ஒருவர் சும்சுமா என்ற படகுத் தலைவர். வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது, தலைவர்களுக்கு 3 வருஷச் சிறை. கப்பலில் வேலை செய்த சும்சுமாவுக்குச் சரக்கு வானத்திலிருந்து வருவதில்லை என்பது தெரிந்திருந்தது. வேலை செய்யும் இடம் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

இன்று வனுவாட்டு என்ற நாட்டில் சேர்ந்த டன்னா தீவில், 1940-ஐ ஒட்டி ஜான் ஃபிரம் என்ற பெயரில் இயக்கம் கிளம்பிற்று. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட காலம். 1942-ல் அமெரிக்கப் படை பக்கத்துத் தீவுகளில் வந்து இறங்கியது. டன்னா ஆண்கள் முகாம் வேலைக்குப் போனார்கள். கறுப்பு நிற மனிதர்கள் லாரி ஓட்டுவதையும் யந்திரங்களை இயக்குவதையும் அங்கே பார்த்தார்கள். அந்தப் படையிலும் கறுப்பருக்குத் தனி அணி, தனிப் பந்திதான். ஆனாலும் பார்த்தவர்களுக்கு அதுவே பெரிய செய்தி. பிப்ரவரி 15-ம் தேதி மார்பில் அமெரிக்காவின் எழுத்தைத் தீட்டிக்கொண்டு மூங்கில் துப்பாக்கியுடன் அணிவகுக்கிறார்கள். உல்லாசப் பிரயாணிகள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவ்வளவுதான்.

அந்தமானில்

நம் நாட்டுக்கு வருவோம். அந்தமானில் வட சென்டினல் என்று ஒரு சிறிய தீவு. அங்குள்ள மக்கள் வெளியாரை நெருங்க விடுவதில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் பறந்து சென்ற ஹெலிகாப்டரை நோக்கி ஒருவன் வில்லை வளைத்து நின்ற படம் உலகமெல்லாம் போயிற்று. யந்திரத்தை அறியாத அறியாமை என்றார்கள்.

அறியாமையா என்று பார்ப்போம். 1880-ல் போர்ட்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அங்கே இறங்கி, ஒரு முதிய தம்பதியையும் 4 குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போர்ட் பிளேருக்குப் போனார். பெரியவர்கள் இருவரும் நோய் கண்டு இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி விட்டார்கள். 1974-ல் படம் எடுக்கப் போன ஒரு கூட்டம் கரையில் தேங்காய், அலுமினியப் பாத்திரம், பிளாஸ்டிக் கார் பொம்மை, ஒரு பெண் பொம்மை, உயிருள்ள பன்றி ஆகியவற்றை வைத்தது. தீவினர் பன்றியையும் பொம்மையையும் குத்தி மண்ணில் புதைத்தார்கள். தேங்காயையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுத்தவரின் தொடையில் ஓர் அம்பு. 1981-ல் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் அவர்களுடைய பவளப்பாறையில் தட்டி நின்றது. மாலுமிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அப்படி ஒதுங்கிய கப்பல்களின் இரும்பைத் தட்டி அம்பு முனையாக்கிக்கொள்ளத் தீவினருக்குத் தெரியும். உபயோகமானதை வைத்துக்கொள்வதும் வேண்டாததைப் புதைப்பதும் அறியாதவன் செயலா? 2018-ல் ஓர் அமெரிக்கர் மதம் பரப்பப் போய்க் கொல்லப்பட்டார். 2025 மார்ச்சில் இன்னோர் அமெரிக்கர் ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் டப்பாவையும் கரையில் வைத்துவிட்டுத் திரும்பினார், கைதானார். இந்த இரண்டாமவரின் அறிவைப் பற்றி என்ன சொல்வது?

ஜாரவா மக்களின் அனுபவம் வேறு. அவர்கள் காட்டின் ஊடே அந்தமான் நெடுஞ்சாலை போடப்பட்டது. நெடுங்காலம் எதிர்த்தார்கள். 1996-ல் கால் முறிந்து கிடந்த ஒரு ஜாரவாப் பையனை எடுத்துவந்து, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்து திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் ஜாரவாக்கள் தாங்களே காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி அவர்களுக்குப் புரிந்தது! ஆனால் சாலை வழியாக 1999-ல் மணல்வாரி அம்மையும் வந்தது. உல்லாசப் பிரயாணிகளின் வண்டிகள் வந்தன. தின்பண்டம் காட்டி ஆடச் சொன்ன படங்கள் 2012-ல் வெளிவந்து நாடே வெட்கப்பட்டது. காட்டின் ஊடே போகும் சாலைப் பகுதியை மூடும்படி சுப்ரீம் கோர்ட் 2002-ல் உத்தரவிட்டது. வண்டிகள் தொடர்ந்து ஓடின.

கடைசியாகப் பெரிய நிக்கோபார். அங்கே ஷோம்பென் என்ற காட்டு மக்கள் வாழ்கிறார்கள். 2011 ஜனக்கணக்குப்படி 229 பேர். அந்தத் தீவில் கலத்தியா வளைகுடாவில் ஒரு துறைமுகம், ஒரு விமான நிலையம், மின் நிலையம், புது நகரம் என்று ஒரு பிரம்மாண்டமான திட்டத்துக்கு 2022-ல் அனுமதி கொடுத்தார்கள். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்காக எடுக்கப்படும். துறைமுகம் எதற்கு? பெரிய கப்பலிலிருந்து சின்னக் கப்பலுக்குச் சரக்குப் பெட்டிகளை மாற்றி ஏற்றுவதற்கு. அந்தப் பெட்டிகளில் ஒன்றுகூட ஷோம்பென்னுக்கு வருவது அல்ல.

அதே தீவின் கடலோரத்தில் நிக்கோபாரி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பழங்குடி மன்றம் உண்டு. 2022 ஆகஸ்டில் அந்த மன்றத்திடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஆழிப்பேரலைக்கு முன் தாங்கள் வாழ்ந்த ஊர்களின் நிலமும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதென்று மன்றத்தாருக்குப் பிறகுதான் தெரிந்தது. நவம்பர் மாதம் அவர்களே ஒரு காகிதம் எழுதினார்கள்: முழு விவரத்தையும் எங்களுக்குச் சொல்லவில்லை, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று. ஷோம்பென் மக்களிடம் கையெழுத்துப் போடுகிற மன்றமும் கிடையாது.